எள் விழுது சேராத ஹும்முஸ்: அரபுச் சமையல் நூல்கள் தரும் சான்று

கொண்டைக்கடலையை வேகவைத்து மசித்து, எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் கலந்து, மேலே ஜைத்தூன் எண்ணெய் ஊற்றி ரொட்டியுடன் உண்ணும் ஷாம் நாட்டு உணவை இன்று உலகம் ஹும்முஸ் என்று அறியும். வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பியோர் வழியாக நம் இல்லங்களிலும் இப்பெயர் பழகிவிட்டது. தஹீனா எனப்படும் எள் விழுது கிடைக்காத ஊரில் ஹும்முஸ் செய்ய இயலாது என்றும், அது சேராமல் செய்வது ஹும்முஸ் ஆகாது என்றும் உறுதியாகக் கூறுவோர் உளர். அடுக்களைப் பேச்சாகத் தோன்றினாலும் இது ஒரு வரலாற்றுக் கூற்றே ஆகும். எனவே மூல நூல்களைக் கொண்டு இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

முதலில் சொல்லைக் காண்போம். அரபு மொழியில் இச்சொல் கொண்டைக்கடலை என்னும் தானியத்தையே குறிக்கும். இதனை எவ்வாறு உச்சரிப்பது என்பதில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு பக்தாதின் இரு பெரும் இலக்கண மேதைகள் கருத்து வேறுபட்டனர். கூஃபா மரபினரின் தலைவரான ஸஃலப், மீம் எழுத்துக்கு ஃபத்ஹா இட்டு ‘ஹிம்மஸ்’ என்பதைத் தேர்ந்தார். பஸ்ரா மரபினரின் தலைவரான அல்முபர்ரத், கஸ்ரா இட்டு ‘ஹிம்மிஸ்’ என்றார். அல்ஜவ்ஹரீ தமது ‘ஸிஹாஹ்’ அகராதியில் இரண்டையும் பதிவு செய்துள்ளார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஹும்முஸ்’ என்பது இவ்விரண்டிலும் சேராதது. மக்கள் பேச்சில் உருவான வடிவம். எள் விழுது கலந்த உணவின் முழுப்பெயர் ‘ஹும்முஸ் பித் தஹீனா’, அதாவது தஹீனாவுடன் கூடிய கடலை என்பதாகும். ‘அரைத்தல்’ எனப் பொருள்படும் ‘தஹன’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது தஹீனா. தஹீனாவுடன் கூடியது எனப் பிரித்துச் சொல்லும் தேவை இருந்ததிலிருந்தே, அது சேராத வகைகளும் உண்டு என்பது பெறப்படும்.

ஷாம் மக்களுக்கும் இக்கடலைக்கும் உள்ள உறவு தஃப்ஸீர் நூல்களிலும் தடம் பதித்துள்ளது. பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில் பனூ இஸ்ராயீலர் மூஸா (அலை) அவர்களிடம் கேட்ட உணவுகளுள் ‘ஃபூம்’ என்பதும் ஒன்று. அதனைக் கோதுமை என்றும் பூண்டு என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கொண்டனர். ஷாம் நாட்டு வழக்கில் அது கொண்டைக்கடலையைக் குறிக்கும் என்னும் கருத்தையும் இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இனிச் சமையல் நூல்களுக்கு வருவோம். ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ என்பார் ‘கிதாபுத் தபீக்’ என்னும் நூலை எழுதினார். தாத்தாரியர் பக்தாதை அழிப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன் எழுந்த நூல் இது. மனிதர் துய்க்கும் இன்பங்களை ஆறாகப் பகுத்து, அவற்றுள் உணவே மேலானது என முன்னுரையில் வாதிடும் இவ்வாசிரியர், கொண்டைக்கடலையைப் பெரிதும் இறைச்சிக் குழம்புகளில் சேரும் பொருளாகவே காட்டுகிறார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த ‘அல்வுஸ்லா இலல் ஹபீப்’ என்னும் ஷாம் நாட்டு நூலில் கடலை மசியல் இடம்பெறுகிறது. ஹலப் நகர வரலாற்றாசிரியர் இப்னுல் அதீம் (ஹி. 588-660) இயற்றியதாக இந்நூலைக் கூறும் மரபு உண்டு. 1260இல் ஹலப் தாத்தாரியரிடம் வீழ்ந்தபோது எகிப்தில் புகலடைந்த அறிஞர் அவர்.

நம் வினாவுக்கு நேரான விடை எகிப்திலிருந்து கிடைக்கிறது. மம்லூக் ஆட்சிக் காலத்தில், கி.பி. 14ஆம் நூற்றாண்டில், பெயர் அறியப்படாத ஒருவர் தொகுத்த ‘கன்ஸுல் ஃபவாயித் ஃபீ தன்வீஇல் மவாயித்’ என்னும் நூலில் ‘ஹிம்மஸ் கஸா’ என்றொரு செய்முறை உள்ளது. அதன் சாரம் இது: கடலையை நீரில் வேகவைத்து நன்றாக மசிக்க வேண்டும், தோல் நீக்காத கடலையாயின் சல்லடையில் தேய்த்து வடிக்க வேண்டும், பின் திராட்சைக் காடி, உப்பில் ஊறிய எலுமிச்சையின் சதை, இலவங்கப்பட்டை, மிளகு, இஞ்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைய வேண்டும், பார்ஸ்லி, புதினா, அருவதா என்னும் சதாப்பிலை ஆகியவற்றை நறுக்கித் தட்டில் பரப்பி, நல்ல எண்ணெயைத் தாராளமாக ஊற்ற வேண்டும். இதில் எள் விழுதும் இல்லை, பூண்டும் இல்லை.

இச்செய்முறையின் ஒவ்வொரு பொருளும் அக்கால இஸ்லாமிய உலகின் ஒரு பகுதியை நமக்குக் காட்டுகிறது. காடியை நல்ல தொடுகறி என நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. மது தானாகவே மாறிக் காடியானால் அது தூய்மையானது என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பொருளைச் சேர்த்து மாற்றுவதை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்பதில்லை, ஹனஃபீ மத்ஹபு ஏற்கிறது. எலுமிச்சை கிழக்கிலிருந்து சென்று எகிப்தில் வேரூன்றிய கனி. சுல்தான் ஸலாஹுத்தீனின் மருத்துவர் இப்னு ஜுமைஃ அதன் பயன்களைக் குறித்துத் தனி நூலே எழுதினார். மிளகு மலபார்க் கரையிலிருந்து கப்பலேறி, காரிமீ வணிகர்களின் கைவழியாகக் காஹிராவை அடைந்தது. கடலை வாயுவை உண்டாக்கும் என்பது ஜாலீனூஸ் முதலாக மருத்துவர்கள் கொண்ட கருத்து. ஆகவே மிளகும் இஞ்சியும் சுவைக்கு மட்டுமன்றிச் செரிமானத்திற்கும் உதவும் என அக்கால வாசகர் எண்ணியிருப்பர்.

எகிப்தில் உருவான மற்றொரு நூல் ‘கிதாபு வஸ்ஃபில் அத்இமதில் முஃதாதா’. அல்பக்தாதீயின் நூலை அடிப்படையாகக் கொண்டு விரித்து எழுதப்பட்டது இது. இதிலும் ‘ஹிம்மஸ் கஸா’ உண்டு. இங்கே தஹீனா சேர்கிறது. ஆயினும் இது இன்றைய ஹும்முஸ் அன்று. புளிப்புக்கு எலுமிச்சைச் சாறன்றிக் காடியே வருகிறது, பருப்பு வகைகளும் கீரைகளும் மணப்பொருள்களும் மிகுதியாகச் சேர்கின்றன, பூண்டு இல்லை, மசியலைத் தட்டையாகப் பரப்பி ஓர் இரவு வைத்திருந்து உண்ணச் சொல்கிறது நூல். ஆக, எள் விழுது சேர்ந்ததும் சேராததும் ஒரே பெயரில், ஒரே நாட்டில் அருகருகே வழங்கின. இவற்றுள் ஒன்றை அசல் என்றும் மற்றதைப் போலி என்றும் கூற இந்நூல்கள் இடம் தரவில்லை. இன்றும் ஷாம் பகுதியில் வெந்த கடலையுடன் சீரகம், எலுமிச்சை, பூண்டு, ஜைத்தூன் எண்ணெய் சேர்த்து உண்ணும் ‘பலீலா’வில் தஹீனா இல்லை.

‘கன்ஸ்’ நூலின் முறையை நம் இல்லங்களில் எளிதில் பின்பற்றலாம். 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, சிட்டிகை ஆப்பச் சோடா சேர்த்து, விரலால் நசுக்கினால் குழையும் வரை வேகவிட வேண்டும். தோலை நீக்கி, சூடு ஆறுமுன்னரே அரைக்க வேண்டும். ஆறிய கடலை நயமாக அரைபடாது. வழவழப்பு தருவது தஹீனாவின் பணி. அது இல்லாதபோது, கடலை வெந்த நீரைச் சிறிது சிறிதாகவும் எண்ணெயை மெல்லிய தாரையாகவும் விட்டு அரைத்தால் கடலையின் மாவுச்சத்தே அப்பணியைச் செய்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி காடியும், உப்பில் ஊறிய எலுமிச்சை பாதியும், மிளகு, சுக்கு, பட்டைத் தூள்கள் சிறிதளவும் போதும். எலுமிச்சை ஊறுகாயில் மிளகாய் இருத்தல் கூடாது. 1492க்குப் பின்னரே அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாயை இந்நூலாசிரியர் அறிந்திருக்கவில்லை.

இவ்வளவு விரிந்த மரபு அண்மைக் காலத்தில் எவ்வாறு சுருங்கியது என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. 2008இல் லெபனான் தொழிலதிபர்கள் ஹும்முஸ் தங்கள் நாட்டுக்கே உரியது என உரிமை கோரினர். 2010 ஜனவரியில் இஸ்ரேலில் உள்ள அபூ கோஷ் என்னும் அரபுச் சிற்றூரில் 4 டன் அளவு ஹும்முஸ் செய்து உலகச் சாதனை படைத்தனர். அதே ஆண்டு மே மாதம் லெபனானில் 10,452 கிலோ செய்து அதனை முறியடித்தனர். அந்நாட்டின் பரப்பும் 10,452 சதுர கிலோமீட்டரே. நிலமும் வீடும் இழந்த மக்கள் தங்கள் உணவின் பெயரையும் பிறர் எடுத்துக்கொள்வதாகக் கருதி வேதனைப்படுவது இயல்பே. அவ்வேதனையை எவரும் இலேசாக எண்ணலாகாது. ஆயினும் உணவின் உரிமையை எடையால் நிறுவ முடியாது. அதற்கான சான்று நூல்களில் இருக்கிறது. அந்நூல்களோ ஒரே வடிவத்தை வலியுறுத்தாமல், பல வடிவங்களைப் பெயரிட்டுக் காத்து வைத்திருக்கின்றன.

அந்நூல்களை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதே கவலைக்குரியது. அல்பக்தாதீயின் நூலை இஸ்தான்புல் கையெழுத்துப் படியிலிருந்து தாவூத் சலபீ 1934இல் மோசுலில் பதிப்பித்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939இல் நம் நாட்டில், ஹைதராபாத்திலிருந்து வெளிவந்த ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ இதழில் வந்தது, மொழிபெயர்த்தவர் ஆர்பெரி. ‘கன்ஸ்’ நூலின் அரபு மூலம் 1993இல் அச்சேறியது. நவால் நஸ்ரல்லாஹ்வின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெளிவந்தது. தமிழில் இவற்றுள் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. சமையல் நூல் கல்விக்குரியதன்று என்னும் எண்ணம் நம் அரபுக் கல்லூரிகளில் ஆழப் பதிந்துள்ளது. ஆனால் ஒரு கடலைத் தானியத்தின் உயிர்க்குறிக்காக வாதிட்ட ஸஃலபும் முபர்ரதும் அவ்வாறு எண்ணவில்லை. ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவர்கள் ‘கன்ஸ்’ நூலின் ஓர் அத்தியாயத்தையேனும் மூலத்திலிருந்து நேரே தமிழாக்க முன்வருவார்களாயின், அது மொழிக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரச் செய்யும் தொண்டாகும். வல்லாஹு அஃலம்.