உபாத்தியாயர் ரஹீம்

கால்பந்தாட்டத்தில் ஒரு காலத்தில் ஆசியாவிலேயே நாம்தான் முதல் என்று இன்று சொன்னால், கேட்கிற பையன் சிரிப்பான். ஆனால் அது கதையல்ல, சரித்திரம். அதன் பெரும்பகுதி ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் உழைப்பு.

சையத் அப்துல் ரஹீம் 1909இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியாவில் பட்டம் பெற்று, பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவர் தயார் செய்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் குழு, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. 1950இலேயே இந்தியக் குழுவும் அவர் கைக்கு வந்தது. 1951இல் டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது.

மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் சம்பா அறுத்த வயலில், நெல்தாள் குத்தக் குத்தப் பந்து உதைத்தவர்களுக்கு வெறுங்காலின் பெருமை தெரியும். அந்தப் பெருமை ஐரோப்பாவின் குளிரில் செல்லுபடியாகவில்லை. அதன்பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரஹீமோ பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று விதி வைத்துப் பந்தயங்கள் நடத்தினார். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடாமல் அடுத்தவனுக்குக் கொடுக்கப் பழக்கினார். வாத்தியார் புத்தி அதுதானே!

பலன் 1956இல் மெல்போர்னில் தெரிந்தது. நெவில் டிசௌஸா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனோம். ஆசிய நாடு எதுவும் அதற்கு முன் அந்தப் படியை ஏறியதில்லை.

1962இல் ஜகார்த்தா. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோல்வி. பின்காவல் ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால், உள்ளூர் ஜனங்களும் நம்மேல் கோபமாயிருந்தார்கள். ரஹீம் அந்தக் காயம்பட்ட ஜர்னைலை முன்வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். கோலைக் காத்து நின்றவர் நம் பீட்டர் தங்கராஜ்.

மறு ஆண்டு ஜூன் 11ஆம் தேதி புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோய்விட்டது. வயது 53.

அதன்பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வரவில்லை. ஒலிம்பிக் கால்பந்து வாசலையும் மிதிக்கவில்லை. 1960இல் ரோமில், ரஹீமின் பிள்ளைகளில் ஒருவரான தமிழர் சைமன் சுந்தரராஜ் பெரு நாட்டுக்கு எதிராகப் போட்டதே ஒலிம்பிக்கில் நம் கடைசி கோல். நல்ல வாத்தியார் ஒருவர் கிடைத்தார் என்று மகிழ்ந்திருந்தோமே தவிர, அவருக்குப் பின்னும் பாடம் நடக்க ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று யோசிக்கவில்லை. 2024இல் அவரைப் பற்றி இந்தியில் ஒரு சினிமா வந்தது. நல்லதுதான். ஆனால் அவர் கேட்டிருக்கக்கூடியது சினிமா அல்ல. நாலு மைதானம், நாற்பது வாத்தியார்கள்.