அட்லஸ் (1951–2020)

2020 ஜூன் 3 அன்று காலை, உத்தரப் பிரதேசத்தின் சாகிபாபாத்தில் உள்ள அட்லஸ் சைக்கிள் ஆலைக்கு வழக்கம்போல் வேலைக்கு வந்த தொழிலாளர்கள், வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வெளியிலேயே நின்றார்கள். கையிருப்புப் பணமெல்லாம் தீர்ந்துவிட்டது, மூலப்பொருள் வாங்கவும் வழியில்லை, பணம் ஏற்பாடாகும்வரை எல்லோருக்கும் லே-ஆஃப் என்றது அந்தத் தாள். மாலன்பூர் ஆலை 2014 டிசம்பரிலும், பிறந்த வீடான சோனிபட் ஆலை 2018 பிப்ரவரியிலும் மூடப்பட்டிருந்ததால், மிஞ்சியிருந்த மூச்சு இது ஒன்றுதான். அன்று உலக மிதிவண்டி நாள்.

அந்த ஆலையை நம்மில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தப் போடிநாயக்கனூரில், அட்லஸ் போய்விட்டது என்று கேட்டபோது, நம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்த வண்டியை நினைக்காதவர் யார்? கரும்பச்சைச் சட்டம், கால் தூக்கிப் போட்டு ஏற வேண்டிய உயரத்தில் குறுக்குக் கம்பி, ஸ்பிரிங் வைத்த தோல் சீட், கேபிளுக்குப் பதில் கம்பியால் இழுக்கும் பிரேக், முன்சக்கரத்தை உரசி ஓடும் டைனமோ. ஹேண்டில்பாருக்குக் கீழே, பூமி உருண்டையைத் தோளில் தாங்கி நிற்கும் மனிதனின் முத்திரை. அந்த முத்திரையைத் துடைத்து வைப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டுச் சிறுவர்களின் வேலை.

1951-இல் ராய் பகதூர் ஜானகி தாஸ் கபூர், அன்று பஞ்சாபில் இருந்த, இன்று அரியானாவில் உள்ள சோனிபட்டில் ஒரு தற்காலிகக் கொட்டகையில் தொடங்கிய தொழில் அது. ஓராண்டுக்குள் கொட்டகை 25 ஏக்கர் ஆலையாக வளர்ந்தது. முதல் ஆண்டிலேயே 12,000 வண்டிகள் வெளிவந்தன. சுதந்திரம் பெற்ற நாடு தன் காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இங்கிலாந்திலிருந்து வந்த வண்டியைத்தான் நல்ல வண்டி என்று நம்பிய ஊர்களுக்குள் அட்லஸ் மெல்ல நுழைந்தது. 1958-இல் வெளிநாடுகளுக்கும் கப்பலேறியது. 1978-இல் பந்தயச் சைக்கிள் செய்து இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது மிதிவண்டிகளை வழங்கும் பொறுப்பும் அதனிடமே வந்தது. வளர்ந்த நாள்களில் ஆண்டுக்கு 40 லட்சம் வண்டிகள் செய்யும் திறன் தனக்கு உண்டு என்று அது சொல்லிக்கொண்டது.

பந்தயத்தில் ஓடிய வண்டிகளைவிட, பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டு விடியுமுன் கிளம்பிய வண்டிகளையே நாம் அதிகம் அறிவோம். இலவம்பஞ்சு மூட்டை ஓட்டுபவரின் தலைக்கு மேல் உயர்ந்து நிற்க, வண்டி இருப்பதே தெரியாமல் பஞ்சு மட்டும் தெருவில் நகர்ந்துவரும் காட்சி போடிக்காரர்களுக்குப் புதிதல்ல. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மலையடிவாரத்து முந்தல் வரை மிதித்துப்போய், அங்கே வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு ஏலமலைக்கு ஜீப் ஏறினார்கள். போடிமெட்டுக்குப் போகும் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறக் கியர் இல்லாத அந்தக் கனத்த வண்டியால் ஆகாது. அது மலையைத் தொடுமிடம்வரை மனிதனைக் கொண்டுவந்து விட்டது, மாலையில் இறங்கி வரும்வரை காத்திருந்தது.

சைக்கிள் கடைக்காரரும் அதன் குடும்பத்தில் ஒருவர்தான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்மைச் சுழற்றிக் கோட்டம் எடுத்து, போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் தடவி மறுபடி அடுக்கும் அந்த ஓவராயில் வேலை முடிந்தால், பத்து வயது வண்டியும் புதிதாக ஓடும். கால் எட்டாத பிள்ளைகள் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். முழங்காலில் அந்தத் தழும்பு இல்லாதவர் நம் தலைமுறையில் குறைவு. அப்பாவின் வண்டியே மகனுக்குப் போனது. அப்படி உழைத்ததுதான் ஒருவகையில் அதற்கு வினையாகவும் முடிந்தது: முப்பது ஆண்டு ஓடும் வண்டியை வாங்கியவர் மறுபடி கடைக்கு வருவதில்லை.

அதற்குள் காலம் மாறியிருந்தது. 1980-இல் டிவிஎஸ் 50 வந்தது. பால் கேன்கள் அதற்கு மாறின. 1986-இல் லூதியானாவின் ஹீரோ, உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் ஏட்டில் ஏறியது. அட்லஸின் ஆலைகள் குடும்பக் கிளைகளுக்குள் பிரிந்தன. நகரத்துப் பிள்ளைகள் கியர் வண்டி கேட்டார்கள். அட்லஸ் பழைய வண்டியின் பெருமையிலேயே நெடுநாள் இருந்துவிட்டது. பிறகு நட்டத்தின் மேல் நட்டம் சேர்ந்தது.

மக்களின் அன்பு இருந்தும் பணம் இல்லாமல் மறைந்தவை வேறு நாடுகளிலும் உண்டு. ஸ்பெயினின் பாஸ்க் மலைநாட்டில், அங்குள்ள மக்களே சந்தா கட்டித் தொடங்கிய பந்தயச் சைக்கிள் அணி ஒன்று 1994 முதல் ஓடியது. யூஸ்கால்டெல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரைப் பின்னர் தாங்கிய அந்த அணிக்காக, செம்மஞ்சள் சட்டை அணிந்த கூட்டம் பிரெனீஸ் மலைச்சாலைகளின் இருபுறமும் திரண்டு நின்றது. 2001-இல் அந்த அணியின் ராபர்ட்டோ லைசேகா லூஸ் ஆர்டிடென் சிகரத்தில் வென்றபோது அந்த மலையே ஆர்ப்பரித்தது. 2013-இல் பணம் வறண்டது. கார்ப் பந்தய வீரர் பெர்னாண்டோ அலோன்சோ அணியை வாங்க முன்வந்த பேச்சும் முறிந்து, அந்த ஆண்டோடு அணி கலைந்தது. அந்த மக்களின் துக்கம் நமக்குப் புரியும்.

நம் துக்கத்தில் கூடுதலாக ஒரு வேதனையும் உண்டு. அட்லஸ் கண்மூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, கொரோனா ஊரடங்கில் வேலையிழந்து ஊர் திரும்பிய லட்சக்கணக்கானோரில் பலர் சைக்கிளில்தான் போனார்கள். காயம்பட்ட தந்தையைப் பின்னால் உட்காரவைத்து, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்தாள் 15 வயதுச் சிறுமி ஒருத்தி. ரயிலும் பேருந்தும் கைவிட்ட ஏழைக்கு மிதிவண்டி துணை நின்ற அதே கோடையில், நாட்டின் மூத்த மிதிவண்டி நிறுவனங்களில் ஒன்று இரும்புக் குழாய் வாங்கக் காசில்லாமல் நின்றது. அந்த ஆண்டு உலகெங்கும் கடைகளில் சைக்கிள் கிடைக்காத அளவுக்குத் தேவை பெருகியது. அந்த நல்ல காலத்தைப் பார்க்க அட்லஸுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தப் பெயரைத் தாங்கிய வண்டிகள் இனியும் எங்கேனும் விற்கப்படலாம். நாம் இழந்தது அந்த ஆலைகளையும், அங்கே தலைமுறையாகக் கம்பி வளைத்துச் சாயம் பூசிய கைகளின் பிழைப்பையும். ஏழைக் குடும்பங்களின் முதல் சொத்தைச் செய்துகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு முறையான விடைகூட வாய்க்கவில்லை, வாசலில் ஒட்டிய ஒரு தாள்தான் கிடைத்தது. உங்கள் வீட்டில் அட்லஸ் இருந்தால், துருப்பிடித்ததென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடையில் கொடுத்து ஓவராயில் செய்து, நடந்து பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அது இன்னும் ஓடும்.