கொதிக்கவைத்த ஊசி

மயிலாப்பூர் மாட வீதியில் காலையில் யாராவது சர்க்கரையில்லாத காபிக்கு "ஒண்ணு வித்தவுட்" என்று சொன்னால் காபி மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கு இந்த இயல்பு வாழ்க்கை எளிதில் வாய்த்துவிடவில்லை.

டொராண்டோவில் 1921இல் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஜனவரியில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை கணையம் கைவிட்ட சிறுவர்களுக்குக் கொடுத்த வைத்தியம் பட்டினிதான். சாவைச் சில மாதம் தள்ளிப்போட அவர்கள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். இன்சுலின் வந்ததும் உயிர் தங்கியது. ஆனால் அந்த உயிரைச் சுமக்கும் வேலை வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

கண்ணாடிச் சிரிஞ்சையும் எஃகு ஊசியையும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்ள வேண்டும். சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க, நீல நிற பெனடிக்ட் கரைசல் 5 மில்லியில் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்குவார்கள். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் நிறத்துக்குப் போனால் வீடே வாடிவிடும். அந்த நிறம் காட்டியதோ சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையை! இப்போது தலை சுற்றுவது ஏன் என்று அது சொல்லாது. மருந்தும் மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. மரபணு முறையில் செய்த மனித இன்சுலின் விற்பனைக்கு வர 1982 ஆனது.

சென்னையில் இந்த நோய்க்கென்று தனிக் கவனம் வடக்கே தொடங்கியது. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் ராயபுரத்தில் அவருடைய மருத்துவமனை எழுந்தது. தெற்கே, டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனை, வருமானத்துக்கேற்பக் குடும்பங்கள் முன்கூட்டியே சந்தா கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. வாழ்நாள் முழுக்க மருந்து வாங்க வேண்டிய நோய்க்கு இதைவிடப் பொருத்தமான யோசனை அரிது. 1991இல் டாக்டர் வி. மோகனும் கண் மருத்துவரான அவர் மனைவி ரேமாவும் சேர்ந்து நகரில் ஒரு நீரிழிவு மையம் தொடங்கினார்கள். சர்க்கரை பார்வையைத் தின்னும் நோய். ஒரே கூரையின் கீழ் கண்ணையும் பார்த்தது நோயாளிக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் நோய் மருத்துவமனைகளை முந்தி ஓடியது. சென்னையின் பெரியவர்களில் 1989இல் 8.3 சதவீதமாக இருந்த நீரிழிவு 2004இல் 14.3 சதவீதமானது. இன்று லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் தி.நகர் நடேசன் பூங்காவிலும் விடியுமுன் நடப்பவர்களின் பேச்சில் 'ஃபாஸ்டிங் எவ்வளவு?' என்பது நலம் விசாரிப்பாகிவிட்டது. நடை முடிந்து வீடு திரும்பினால் குளுக்கோமீட்டர் சில நொடிகளில் எண்ணைச் சொல்லிவிடுகிறது. பேனா ஊசியில் வலி மிகக் குறைவு. கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று இலையை மூடினால் பரிமாறுபவர் வற்புறுத்துவதுமில்லை.

பட்டியல் இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குத்தான் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் தினம் நாலு முறை குத்திக்கொள்ளும் குழந்தைக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்குவது கூலிவேலை வீட்டுக்கு இன்றும் கனக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. இன்சுலினுக்கு மட்டும் குளிர்ச்சி வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில், பெரிய மண்பானைக்குள் இன்சுலின் இருக்கும் சின்னப் பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, சென்னை வெயிலில் அது காயாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள்.