சர்க்கார் தஸ்தாவேஜும் நம் பூமியும்



சென்ற மழைக்காலத்தில் கடப்பாக்கத்தில் நம் சங்கத்தார் கூடியிருந்த பொழுது, அயற்கிராமத்து முதியவர் ஒருவர் தகரப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் கறையான் பாதி தின்ற காகிதம் ஒன்று இருந்தது. தம் பாட்டனார்க்குச் சர்க்கார் கொடுத்த பூமியின் பட்டா அதுவென்றார். எழுத்து மங்கிப்போய், சர்வே நெம்பர் மாத்திரம் தெரிந்தது. பூமியோ பிறர் வேலிக்குள் கிடக்கின்றது. நகல் வேண்டி அவர் ஒரு கச்சேரிக்கு மும்முறை நடந்தாராம். மும்முறையும் அவருக்குக் கிடைத்தது ஒரே கேள்வி: "உமக்கு இதில் என்ன பாத்தியதை?" கச்சேரியின் பெயர் இங்கு வேண்டுவதன்று. அக்கேள்விக்கு நம் ஜில்லாவில் நெடிய சரித்திரம் ஒன்று உண்டு. அதனை எழுதவே இங்குப் புகுந்தோம்.

கடப்பாக்கத்திற்கு வருவோர் யாவரும் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதிலையும் உப்பங்கழியையும் கண்டு, நவாபுகளையும் பிரெஞ்சுக்காரரையும் பற்றி இரண்டொரு வார்த்தை பேசிவிட்டுப் போகின்றனர். புலமையுடையோர் இடைக்கழிநாடு என்ற பெயரைக் கேட்டவுடன், சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரை நினைத்துக்கொள்வர். இவை பெருமைக்குரியனவே. ஆயினும் நம்மவரின் சரித்திரம் கோட்டையிலும் இல்லை, பாட்டிலும் இல்லை. இருக்குமாயின் அது ஊர்க் கணக்கில் இருக்கின்றது. அக்கணக்கோ எந்நாளும் பிறர் கையில் இருந்தது.

1763-ம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனியாருக்கு ஜாகீராக விட்டார். வந்த பூமியின் விளைவு எவ்வளவு என்றறியாமல் வரி கேட்பது எங்ஙனம்? ஆதலின் பார்னார்டு என்னும் எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரையில் சுமார் இரண்டாயிரம் கிராமங்களின் கணக்கைத் திரட்டினார். ஊர் ஒவ்வொன்றிலும் வீடுகள் எத்தனை, எந்தெந்தக் குலத்தார், நஞ்சை புஞ்சை எவ்வளவு, ஏரி எவ்வளவு, களத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, மானியம் எவருக்கு என்பனவெல்லாம் அதில் அடங்கின. ஊர்க் கணக்குப் பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்தவையே இதற்கு ஆதாரம். அவ்வோலைகளுள் எஞ்சியவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன; இங்கிலீஷ் சுருக்கம் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. 1960-களில் காந்தியவாதியாகிய தரம்பால் அதனைக் கண்டு உலகிற்கு உரைத்த பின்னரே இவற்றின் அருமை பலருக்கும் தெரியலாயிற்று. திருப்போரூர், வடக்குப்பட்டு என்னும் ஈரூர்க் கணக்குகள் 2001-ல் நூலாகவும் வெளிவந்தன. அவற்றைப் புரட்டுவோர் கம்மாளர், வண்ணார், நாவிதர் முதலியோர் பங்குகளோடு நம் முன்னோர்க்குரிய வெட்டியான் பங்கும் வரிசையில் எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். நமக்கு ஊரில் ஒன்றுமே இல்லை என்று பின்னாளிற் சொன்னவர்கள் இதனைப் படித்திலர் போலும்!

பார்னார்டு தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னே, அதாவது 1766-ல், வடதேசமாகிய சுவீடனில் சர்க்கார் காகிதங்களைக் குடிகள் பார்க்கலாம் என்று சட்டமே செய்துவிட்டனர். அங்கே குடிகள் சர்க்காரைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில், இங்கே சர்க்கார் குடிகளைப் பார்க்கத் தொடங்கிற்று.

கம்பெனியார் கணக்கைத் திரட்டிய பின்னர், மிராசு என்னும் காணியாட்சி யாது என்று ஆராயலாயினர். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடை 1818-ல் அச்சாயிற்று. தமிழறிஞராகிய அவர்மேல் நமக்கு மதிப்புண்டு. ஆயினும் அந்நூலில் நம் முன்னோர் பாத்தியதை உடையவராகப் பேசப்படவில்லை. மிராசுதாரரின் பாத்தியதைக்கு உட்பட்ட அடிமையாட்களாகவே பேசப்படுகின்றனர். 1843-ல் சட்டம் அடிமைத்தனத்தை ஒப்புக்கொள்வதை விட்டது. சட்டம் விட்டதே யன்றிக் கடன் பத்திரம் விடவில்லை. படியாளாய் இருந்தவர் சிறு கடனுக்காகத் தம்மையும் தம் மக்களையும் எழுதிக் கொடுத்துப் படியாளாகவே இருந்தனர்.

இந்நிலையில் 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் வேலையைப் பார்த்த டிரெமென்ஹீர் துரை, நம்மவர் நிலைமையைக் குறித்து ஓர் அறிக்கை எழுதிக் கவர்ன்மெண்டாருக்கு அனுப்பினார். செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கத்தில் கௌடி ஆகிய பாதிரிமார்களும் அக்காலத்தில் இதே விஷயமாக இடைவிடாது எழுதி வந்தனர். துரை எழுதியவற்றுள் இரண்டு நம் கட்டுரைக்கு முக்கியம். ஒன்று வீட்டுமனை: சேரிமனை மிராசுதாரருடையது என்று கருதப்பட்டமையால், வாய்திறந்த குடியானவன் மறுநாளே குடிசையை இழக்கும் அச்சத்தில் இருந்தான். மற்றொன்று தரிசு நிலம்: தரிசுக்குத் தர்க்காஸ்து கொடுப்பது யாவர்க்கும் பொது என்று பெயர், உண்மையிலோ மிராசுதாரருக்கு முதற்பாத்தியதை இருந்தது. நம்மவன் ஒருவன் தர்க்காஸ்து கொடுத்தால், அச்செய்தி மிராசுதாரருக்குப் போகும். அவர் "எனக்கு வேண்டும்" என்பார். நிலம் அவருக்கே போகும். அவர் அதைப் பயிரிட்டாரா என்று கேட்பாரில்லை. பயிரிடுவது அவர் நோக்கமுமன்று. படியாளுக்குச் சொந்த நிலம் வந்துவிட்டால் தம் வயலில் இறங்க ஆளிராது என்பதே அவர் கவலை.

துரை கேட்டது அதிகம். கவர்ன்மெண்டார் கொடுத்தது சொற்பம். மிராசு முறையை அவர்கள் தொடவில்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30-ம் தேதி ரெவின்யூ இலாகாவில் பிறந்த 1010-ம் நெம்பர் உத்தரவு, நம்மவர்க்கு நிலம் ஒதுக்கும் வழியைத் திறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அவ்வழியில் வந்ததே. பத்து வருஷம் யார்க்கும் விற்கலாகாது, அதன்பின் விற்பதாயினும் நம் வகுப்பாருக்கே விற்கவேண்டும் என்னும் நிபந்தனை அதற்கு ஏற்பட்டது. அந்நிபந்தனையே அந்நிலத்தின் உயிர். அஃது இல்லையேல் அது வெறும் மண்.

மாகாணத்தில் இவ்வாறு கொடுக்கப்பட்டது பன்னிரண்டு லக்ஷம் ஏக்கர் என்று மேடைதோறும் சொல்லப்படுகின்றது. அவ்வளவு பெரிய எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதில் நமக்கு விருப்பம் குறைவு. லக்ஷத்தைக் கோர்ட்டில் காட்ட முடியாது. ஒரு சர்வே நெம்பரைக் காட்ட முடியும்.

நிலம் போனது எங்ஙனம்? விற்றும் போயிற்று, கடனுக்கும் போயிற்று, அச்சத்தினாலும் போயிற்று. அவ்விற்பனை செல்லாது என்பதைச் சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்பில் உரைத்திருக்கின்றது. ஆனால் செல்லாதென்று சொல்வதற்கு, அந்நிலம் நிபந்தனை நிலம் என்று ஏடு சொல்லவேண்டுமே! பழைய 'அ' பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்ற இரண்டெழுத்து எழுதப்பட்டிருப்பதுண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில், பதிவேடுகள் யாவும் புதிதாக எழுதப்பட்டன. அனுபோகத்தில் இருந்தவர் பெயர் ஏறிற்று. குறிப்புக் கலம் பல இடங்களில் வெறுமையாய் நின்றது. பெயர்த்தெழுதியவர் வேண்டுமென்றே விட்டாரோ, அசட்டையால் விட்டாரோ, இரண்டெழுத்து போனால் ஒரு குடும்பத்தின் பூமி போனதே. நடுவில் 1980-ல் பரம்பரைக் கணக்குப் பிள்ளை உத்தியோகமும் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தனர். அம்மாற்றம் நல்லதே, நம்மவரும் அவ்வேலைக்கு வந்தனர். ஆயினும் எந்தக் காகிதம் எந்த வீட்டுப் பரணில் இருந்தது என்பதை அறிந்தவர்கள் அத்துடன் விலகிவிட்டனர்.

நம் ஜில்லாவில் இவ்விஷயம் இரத்தமும் சிந்திற்று. மாமல்லபுரத்துப் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புக் கிளர்ச்சி எழுந்து, 1994 அக்டோபர் 10-ம் தேதி செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் நம்மவர் இருவர் மாண்டனர். அதே வருஷம் டிசம்பர் மாதத்தில், ராஜஸ்தானத்துக் கோட்கிரானா என்னும் குக்கிராமத்தில், கூலியாட்கள் சர்க்கார் கூலிக் கணக்கை ஊர்நடுவே உரக்கப் படிக்கச் செய்து, வேலை செய்யாதார் பெயரும் அதில் இருத்தலை வெளிப்படுத்தினர். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு கூட்டத்தாரும் கேட்டது ஒன்றே: ஏட்டைக் காட்டு என்பது. தமிழ்நாட்டார் 1997-ல் ஒரு தகவல் உரிமைச் சட்டம் செய்தனர். இந்திய தேசம் முழுமைக்குமான சட்டம் 2005-ல் பிறந்து, அவ்வருஷம் அக்டோபர் 12-ம் தேதி அமலுக்கு வந்தது.

இனி முதியவரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு வருவோம். அக்கேள்வி உத்தியோகஸ்தரின் கற்பனையன்று. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் பொதுத் தஸ்தாவேஜின் நகலைக் கட்டணம் பெற்றுக் கொடுக்கவேண்டும் என்றது. ஆனால் பார்வையிடும் உரிமை உடையவனுக்கே கொடுக்கவேண்டும் என்றது. நூற்றுமுப்பது வருஷம் கச்சேரிக் கதவில் நின்ற காவற்காரன் அச்சொற்றொடரே. 2005-ம் வருஷத்துச் சட்டத்தின் 6-ம் பிரிவோ, மனுதாரர் காரணம் ஒன்றும் சொல்லவேண்டுவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கின்றது. ஆகவே "என்ன பாத்தியதை?" என்பார்க்கு, "இந்தியக் குடி" என்பதே போதிய விடை. அதே சட்டத்தின் 8-ம் பிரிவில் மூன்றாம் உட்பிரிவு நமக்கு இன்னும் பயனுடையது: இருபது வருஷத்திற்கு முந்திய விஷயங்களை, தேச பாதுகாப்பு முதலிய சில காரணங்களுக்கன்றி மறுக்கலாகாது. நம் காகிதங்களெல்லாம் அதனினும் பழையனவன்றோ?

மனு எழுதுவதில் நம்மவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. "எங்கள் பூமியை ஏன் பிறருக்குக் கொடுத்தீர்கள்?" என்று எழுதுகின்றனர். நியாயமான கேள்விதான், ஆனால் இச்சட்டம் இருக்கும் காகிதத்தைக் கொடுக்குமே யன்றி, இல்லாத நியாயத்தை எழுதிக் கொடாது. இன்ன கிராமம், இன்ன சர்வே எண். இதற்குரிய செட்டில்மெண்டுப் பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்திய 'அ' பதிவேடு, யு.டி.ஆர். 'அ' பதிவேடு, பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் பட்டியல், ஒப்படைப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்றே எழுதுதல் தகும். பத்து ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டின் கீழிருப்போர்க்கு அதுவும் வேண்டுவதில்லை. முப்பது நாளில் விடை வரவேண்டும். வராவிடில் அடுத்த முப்பது நாளுக்குள் மேலதிகாரிக்கு முதல் அப்பீல். பின்னர்த் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் அப்பீல். இந்நாளில் 'அ' பதிவேட்டைக் கணினியிலேயே காணலாம் என்று இளைஞர் சொல்வர். உண்மையே, ஆனால் கணினியில் ஏறியது புதிய ஏடு, நாம் தேடுவதோ பழைய ஏடு.

எங்கே கேட்பது என்பதிலும் சரித்திரம் தெரியவேண்டும். கடப்பாக்கம் இன்று செய்யூர் தாலுகா, செங்கற்பட்டு ஜில்லா. முன்னர் மதுராந்தகம் தாலுகா. 1997-ல் பழைய ஜில்லா பிரிந்தபோது காஞ்சிபுரம் ஜில்லா. 2019 நவம்பரில் மீண்டும் செங்கற்பட்டு ஜில்லா. காகிதம் ஒவ்வொரு பிரிவினையிலும் நம்மோடு நடந்து வந்ததென்று நினைக்கலாகாது. தப்பான கச்சேரியிற் கொடுத்துவிட்டாலும் அஞ்சவேண்டுவதில்லை. ஐந்து நாளுக்குள் உரிய கச்சேரிக்கு அனுப்பிவைப்பது அவர்கள் கடமை. பழைய உத்தரவுகளுக்கு 1909-ல் கட்டிய எழும்பூர் ரிகார்டு ஆபீசே இடம். அங்கே தேடுவோர் நம் பெயர் மாறிய வரலாற்றையும் நினைவில் வைக்கவேண்டும். மதுராந்தகம் தாலுகா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். 1922-ல் எம். சி. ராஜா அவர்கள் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின்பின் ஆதிதிராவிடர் என்ற பெயர் சர்க்கார் ஏட்டில் ஏறிற்று. ஆதலின் 1892-ம் வருஷத்து அட்டவணையில் ஆதிதிராவிடர் என்று தேடுவோன், ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவான்; பஞ்சமர், பறையர் என்ற தலைப்புக்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இகழ்ந்து எழுதிய பெயரேயாயினும், அப்பெயரின் கீழ்தான் நம் பாட்டனார் சொத்து இருக்கின்றது.

முதியவர்க்கு எழுத்து வாராது. எழுத இயலாதவர் வாய்மொழியை எழுத்தாக்க உதவுவதும் பொதுத் தகவல் அலுவலர் கடமை என்று அதே 6-ம் பிரிவு சொல்கின்றது. எனினும் மனுவை நம் சங்கத்து இளைஞரே எழுதினர். முப்பது நாளில் வரவில்லை. முதல் அப்பீலின் பின் இரண்டு நகல்கள் தபாலில் வந்தன. பழைய ஏட்டில் அவர் பாட்டனார் பெயருக்கு நேரே குறிப்புக் கலத்தில் அவ்விரண்டெழுத்து இருந்தது. புதிய ஏட்டில் அக்கலத்தில் ஒரு கோடு மாத்திரம் இருந்தது. அவர் இரண்டையும் அருகருகே வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நிலத்தை மீட்கும் மனு இப்போது மேலதிகாரியிடம் இருக்கின்றது.

தம் ஊர்ப் பழைய சர்வே எண்ணையும், பாட்டன் பூட்டன் பெயரையும் அறிந்த அன்பர்கள், அறிந்த மட்டில் ஒரு காகிதத்தில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு வேண்டுகின்றோம். தகரப் பெட்டி உள்ளவர் பெட்டியோடு வரலாம்.