சைத்தூன் நகரின் தமிழ்க் கல்வெட்டு

சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள குவான்சௌ நகரை அராபியர் சைத்தூன் என்றழைத்தனர். கி. பி. 1087இல் சொங் அரசு அங்குக் கடல்வணிகச் செயலகமொன்றை நிறுவியபின் பன்னாட்டு வணிகர் பெருகினர். தத்தம் சமயநெறிகளையும் பேணினர். மங்கோலியர் ஆட்சியில், 1281இல், அங்கு வாழ்ந்த தமிழர் சிவபெருமானை எழுந்தருளுவித்து, அரசனின் நலம் வேண்டித் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தனர்.

1357 முதல் 1366 வரை பாரசீகக் காவற்படையினர் நடத்திய கிளர்ச்சி அவ்விணக்கத்தைக் குலைத்தது. அதனை அடக்கியோர் பிறநாட்டவர் பலரைக் கொன்றனர். பின்வந்த மிங் அரசு தனியார் கடல்வணிகத்தையே தடைசெய்தது. தமிழ்க் குடியிருப்பும் மறைந்தது.

ஆயினும், கண்ணனும் நரசிங்கமும் செதுக்கப்பெற்ற இந்துக் கோயிற் றூண்கள் இன்றும் அந்நகரின் கையுவான் பௌத்த ஆலயத்தில் நிற்கின்றன. அந்நியரை ஏற்ற காலமே அத்துறைமுகத்தின் பொற்காலம் என்பதற்கு அவை சான்று.