வீட்டுக்குள்ள பாம்பு வந்துடுச்சா? கம்பை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மழைக்காலம் ஆரம்பிச்சாலே பொந்துகளில் தண்ணீர் புகுந்து, காய்ந்த இடம் தேடி பாம்புகள் வீட்டுப் பக்கம் வருவது வழக்கம். செருப்பு ஸ்டாண்ட், வாஷிங் மெஷின் அடி, கேஸ் சிலிண்டர் மூலை என எங்கே வேண்டுமானாலும் சுருண்டு கிடக்கும். பார்த்ததும் ஒருவர் கம்பைத் தூக்குவார், இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுப்பார். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

'விஷம் இல்லாத பாம்புதான்' என்ற நினைப்பு

வீடுகளில் அடிக்கடி தென்படும் வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷம் இல்லை. ஆனால் அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் கட்டுவிரியன், நாட்டின் மிக ஆபத்தான பாம்புகளில் ஒன்று. வரையனுக்குப் பட்டைகள் தலைப் பக்கம் தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைகீழ். டியூப் லைட் வெளிச்சத்தில், பதற்றத்தில் இதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் எந்தப் பாம்பாக இருந்தாலும் விஷப்பாம்பு என்றே நினைத்து விலகுங்க.

உடனே என்ன செய்யணும்?

குழந்தைகளையும் வளர்ப்பு நாயையும் முதலில் வெளியேற்ற வேண்டும். குறைந்தது ஆறேழு அடி தள்ளி நின்று, ஒருவர் மட்டும் பாம்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பார்க்கணும். இது ரொம்ப முக்கியம். 'இங்கதான் இருந்துச்சு' என்று சொல்லிவிட்டால், மீட்க வருபவர் வீடு முழுக்கத் தேட வேண்டியிருக்கும். வாசல் பக்கம் இருந்தால் கதவைத் திறந்து விட்டு ஒதுங்கினாலே பெரும்பாலும் தானாகப் போய்விடும். அறைக்குள் இருந்தால் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் பழைய துணியைத் திணிக்கவும். பிறகு வனத்துறை அலுவலகத்துக்கோ, தீயணைப்புத் துறைக்கோ (101 அல்லது 112) போன் செய்யலாம்.

பயிற்சி பெற்றவர்கள் பாம்போடு மல்லுக்கட்டுவதில்லை. கொக்கியால் மெதுவாக நகர்த்தி, துணிப்பை கட்டிய குழாயை முன்னால் வைப்பார்கள். இருட்டான பொந்து என நினைத்து பாம்பே உள்ளே போகும். கழுத்தைப் பிடித்து போட்டோவுக்கு போஸ் கொடுப்பவரை நம்ப வேண்டாம். 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர்கள் தலைமுறை அனுபவத்தில் கற்ற வேலை இது. யூடியூப் பார்த்து வருவதல்ல.

அடித்துக் கொல்வது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். அது மட்டுமல்ல, அடிக்கக் கிட்டே போகும்போதுதான் கடி விழுகிறது. துண்டான தலைகூட கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.

கடித்துவிட்டால்?

108-ஐ அழையுங்க. கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லணும். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சரிவு என்று சொன்னாலே சந்தேகப்படணும். பாம்பைப் பிடித்து டாக்டரிடம் காட்ட வேண்டிய அவசியமில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

மறுபடி வராமல் இருக்க பூண்டுத் தண்ணீர், பினாயில் எல்லாம் தெளிப்பார்கள். இவற்றை நம்பிப் பயனில்லை. பாம்பு வருவது எலிக்காகத்தான். சாப்பாட்டு மிச்சம், சுவரோரம் குவித்த செங்கல், விறகு ஆகியவற்றை அகற்றி, பாத்ரூம் தண்ணீர் போகும் ஓட்டைக்கு வலை அடித்தாலே பாதி வேலை முடிந்தது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுத் தூங்கலாம்.