குண்டு வேற ஊர்ல விழுந்த ஈஸ்டர்

இந்த எபிசோட் பாதி வரலாறு, பாதி சாமி விஷயம். நீங்க கத்தோலிக்கரா இல்லன்னாலும் கேளுங்க, ஏன்னா கேள்வி எல்லாருக்கும் பொதுவானதுதான். ஒரு ஊர் போர்ல தப்பிச்சா 'கடவுள் காப்பாத்தினார்'னு சொல்றோம். தப்பிக்காத ஊருக்கு என்ன சொல்றது?

நான் ராயபுரத்துல வளர்ந்தவன். இரண்டாம் உலகப் போரைப் பத்தி எங்க வீட்ல ஒரே ஒரு வரிதான் உண்டு. ஆயா, தன்னோட அம்மா சொன்னதா சொல்லும்: "ஜப்பான்காரன் குண்டு போட வந்தான், மாதா நம்மள காப்பாத்திட்டா." அவ்ளோதான். அந்த ஒரு வரிக்குள்ள என்னவெல்லாம் இருக்குன்னு தேடிப் படிச்சதுதான் இன்னிக்கு.

முதல்ல ஊர் பேர். இயேசுவோட சீடர் பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழ்ல இராயப்பர்னு சொல்வாங்க. அவர் பேர்லருந்து வந்ததுதான் ராயபுரம் என்பது பரவலான விளக்கம். இங்க இருக்கிற புனித இராயப்பர் ஆலயத்தை 1829-ல கட்டினது குருகுல வன்னியர் சமூகத்துப் படகுக்காரங்க. அப்போ சென்னையில துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகுகள். ஆணி அடிக்காம, பலகைகளைத் தேங்காய்நார்க் கயிறால தைச்ச படகு. அலை மோதினா உடையாது, வளைஞ்சு கொடுக்கும். அப்படிக் கடல்ல சம்பாதிச்சவங்க, மீனவரா இருந்த ஒரு புனிதருக்குக் கோயில் கட்டினாங்க.

அப்புறம் துறைமுகம் வந்துச்சு. 1870-கள்ல ஆரம்பிச்ச கட்டுமானத்தை 1881 நவம்பர் புயல் நாசம் பண்ணுச்சு. திரும்பக் கட்டினாங்க. 1904-லருந்து 1919 வரை பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்புல இருந்தப்போதான் அது முழுசான துறைமுகமா ஆச்சு. கரையோரம் எண்ணெய்த் தொட்டி, கிடங்கு, ரயில் தண்டவாளம் எல்லாம் வந்துச்சு. ஒரு இன்ஜினியர் பார்த்தா இது வளர்ச்சி. எதிரிக் கப்பலோட கேப்டன் பார்த்தா இதே இடம் டார்கெட்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்குல அந்தக் கேப்டன் வந்துட்டார். பேர் கார்ல் ஃபான் முல்லர், கப்பல் பேர் எம்டன். நூறு குண்டுக்கு மேல சுட்டாங்க. பர்மா ஆயில் கம்பெனியோட தொட்டிகள் எரிஞ்சுச்சு. துறைமுகத்துல நின்ன 'சுப்ரா'ங்கிற வணிகக் கப்பலும் அடி வாங்குச்சு. செத்தவங்க சிலர்தான். ஆனா அடுத்தடுத்த நாள்ல ஆயிரக்கணக்கான பேர் ஊரைவிட்டு ஓடினாங்க. 'அவன் சரியான எம்டன்டா'ன்னு நாம சொல்றது இங்கருந்து வந்ததுதான்.

அந்தப் பயம் 27 வருஷம் கழிச்சுத் திரும்புச்சு. 1941 டிசம்பர் 23-ம் தேதியும், கிறிஸ்துமஸ் அன்னிக்கும் ரங்கூன் மேல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுச்சு. ரங்கூன் துறைமுகத்துலயும் ஆலைகள்லயும் வேலை பார்த்தவங்கள்ல தெலுங்கரும் தமிழரும் ஏராளம். அங்கருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்தாங்க. வழியில செத்தவங்க நிறைய.

1942 ஏப்ரல் 5. அன்னிக்கு ஈஸ்டர் ஞாயிறு. காலையில கொழும்பு மேல குண்டு விழுந்துச்சு. துறைமுகம்தான் குறி, ஆனா அங்கொடையில இருந்த மனநல மருத்துவமனையும் தப்பல. அதே நாள் இலங்கைக்குத் தெற்கே கார்ன்வால், டார்செட்ஷயர்னு இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கி 400 பேருக்கு மேல செத்தாங்க. மறுநாள், ஏப்ரல் 6, நம்ம கரையிலேயே விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். ஏப்ரல் 9 திருகோணமலை. மேப்ல புள்ளி வெச்சுப் பாருங்க. தெற்கே கொழும்பு, வடக்கே விசாகப்பட்டினம். நடுவுல நாம.

இந்த இடத்துல ஒரு சினிமா காட்சி மனசுல ஓடும். ஊரே இருட்டடிப்புல இருக்கு, கோயிலுக்குள்ள மட்டும் பாஸ்கா திரி எரியுது. நல்லா இருக்கும், ஆனா நடந்திருக்காது. இன்னிக்கு நாம ராத்திரியில கொண்டாடுற பாஸ்கா திருவிழிப்பு, அந்தக் காலத்துல சனிக்கிழமை காலையிலேயே முடிஞ்சிடும். அதை ராத்திரிக்கு மாத்தினது போப் பன்னிரண்டாம் பயஸ். 1951-ல சோதனையா ஆரம்பிச்சு, 1956-லருந்து எல்லா இடத்துலயும். ஆக 1942-ல திரியைக் கொளுத்துறப்போ வெளியில நல்ல வெயில்.

அந்த வாரங்கள்ல சென்னை காலியாச்சு. இங்க இருந்தே ஆகணும்னு அவசியம் இல்லாதவங்க கிளம்பிடுங்கன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூர் போச்சு. சென்ட்ரல் பக்கத்துல இருந்த மிருகக்காட்சிசாலையில, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஆபத்துன்னு சிங்கம் புலியெல்லாம் சுட்டுக் கொன்னாங்க. சொந்த ஊர்ல வீடு இருந்தவங்க ரயில் ஏறினாங்க. ஆனா ராயபுரம், காசிமேட்டு மீனவனுக்குப் போறதுக்கு எந்த ஊர்? அவன் தொழில் கடல்ல இருக்கு. அதை மூட்டை கட்டி வேலூருக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. 'மாதா காப்பாத்திட்டா'ங்கிற வரியை நான் இப்போ இப்படித்தான் கேக்குறேன். ரயில் ஏற முடியாதவங்களுக்கு மாதாவை விட்டா வேற ஆள் இல்ல.

அந்த ஏப்ரல்ல நம்ம மேல குண்டு விழல. அடுத்த வருஷம், 1943 அக்டோபர்ல, ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து சில குண்டு போட்டுட்டுப் போச்சு. அதோட சரி.

இப்போ கேள்விக்கு வரேன். நான் பார்க்குற வேலையில ஒரு விஷயம் அடிக்கடி நடக்கும். ஒரு சர்வர் திடீர்னு செத்துட்டா, அதோட கடைசி நிமிஷத்து லாக் பல நேரம் கிடைக்காது. பிழைச்ச சர்வரோட லாக் மட்டும்தான் இருக்கும். அதை மட்டும் படிச்சா 'எல்லாம் நல்லா ஓடுச்சு'ன்னு தோணும். நம்ம சாட்சிகளும் அப்படித்தான். தப்பிச்ச வீட்டு ஆயா பேரனுக்குக் கதை சொல்லுது. அங்கொடை ஆஸ்பத்திரியில செத்தவருக்குப் பேரன் இருக்கானோ இல்லையோ. அவங்களும் ஜெபம் பண்ணியிருப்பாங்கதானே? அன்னிக்கு ஈஸ்டர் வேற.

இலங்கையிலயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. 1940-ல கொழும்பு பேராயர் ஜான் மேரி மாசோன் ஒரு நேர்ச்சை பண்ணார். போரோட அழிவுலருந்து தீவு தப்பிச்சா மாதாவுக்குப் பேராலயம் கட்டுறதா. போர் முடிஞ்சுது, ராகமை பக்கத்துல தேவத்தையில லங்கா மாதா பேராலயம் எழும்பி 1974-ல அர்ச்சிப்பும் ஆச்சு. அதாவது, இரண்டு தடவை குண்டு வாங்கின தீவு 'தப்பிச்சோம்'னு நன்றி சொல்லுது. மலாயா, பர்மாவுக்கு நடந்ததோட ஒப்பிட்டா அது உண்மைதான். ஆனா குண்டு விழுந்த வீட்டுக்காரர் அந்த நன்றிப் பூசையில எங்க உக்காருவார்?

நற்செய்தியில லூக்கா 13-ம் அதிகாரத்துல இதே பிரச்சினை வருது. சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சு பதினெட்டுப் பேர் செத்த சேதி. அவங்க மத்தவங்களைவிடப் பெரிய பாவிகளான்னு இயேசுவே கேட்டு, இல்லைன்னு அவரே பதிலும் சொல்றார். ஏன் அவங்க மேல விழுந்துச்சுன்னு மட்டும் விளக்கல. உயிரோட இருக்கிற நீங்க மனம் திரும்புங்கன்னு பேச்சைத் திருப்பிடுறார். ரொம்ப நாள் எனக்கு இது நழுவுற பதிலாத்தான் தெரிஞ்சுது. இப்போ அப்படித் தெரியல. தப்பிச்சது நமக்குக் கிடைச்ச மெடல் இல்ல, மேல ஒரு பொறுப்பு.

இது பழைய கதையும் இல்ல. 2023 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் ராத்திரி, எண்ணூர்ல ஒரு உர ஆலையோட கடலடிக் குழாய்லருந்து அமோனியா கசிஞ்சுது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்துலருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிட்டு ஓடினாங்க. பல பேர் ஆஸ்பத்திரியில. திருவொற்றியூர்ல, ராயபுரத்துல இருந்த நமக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கும் 'மாதா காப்பாத்திட்டா'ன்னு சொல்லலாம். சொல்லிட்டு அங்கயே நிறுத்தினா, பெரியகுப்பத்து அக்காவை மாதா கைவிட்டுட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுங்கிறதை வெச்சு யாருக்கு அருள்னு கணக்குப் போட எனக்கு மனசு வரல. குழாய்க்கு யார் பொறுப்பு, ஏன் எல்லா ஆபத்தும் இந்தக் கரையிலேயே வந்து சேருதுன்னு கேக்குறதும் ஜெபத்தோட பாதிதான்.

ஆயாவோட அம்மா வரியை நான் திருத்தப் போறதில்ல. அது பயந்துபோய் இங்கேயே இருந்த ஒரு பொம்பளையோட நன்றி. அதோட இன்னொரு வரி சேர்த்துக்கிறேன். ஈஸ்டர் பூசையில மன்றாட்டு நேரம் வரும்போது கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, ரங்கூன் பாதையில நடந்தவங்க, எல்லாரையும் மனசுக்குள்ள பேர் சொல்லி நினைக்கிறேன். பதினஞ்சு செகண்ட் ஆகுது.

உங்க வீட்லயும் 1942-ஐப் பத்தி இப்படி ஒரு வரி இருக்கலாம். எந்த ஊருக்கு ஓடினாங்க, யார் ஓடாம இருந்தாங்கன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.